காட்டு மரோனியை யார் வேண்டுமானாலும் பொறுக்கலாமா?

ஒக்டோபர் 4, 2025

"டிசினோ காட்டில் விழுந்து கிடக்கும் மரோனியைப் பொறுக்கினால் யாராவது பிடிப்பார்களா, பொறுக்கி வந்தால் வீட்டில் எப்படிச் சுடுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். (டிசினோ சுவிஸின் தெற்கே இத்தாலியன் பேசும் மாநிலம். மரோனி என்பது செஸ்ட்நட், முள்ளுக்கூட்டுக்குள் விளையும், சுட்டுத் தின்கிற கொட்டை.)

பிடிக்க மாட்டார்கள். சுவிஸ் சிவில் சட்டம் 699ஆம் பிரிவைப் பாருங்கள். காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எவரும் போகலாம், தானாக விளையும் பழம், காளான் போன்றவற்றை அந்தந்த இடத்து வழக்கப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. நான் இன்றைக்குத்தான் போய் ஏழு கிலோ பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வழி: லுகானோ வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ்ஸில் அரோசியோ. அந்த ஊரில் தொடங்கி முஜேனா, வெட்சியோ, பெஸ்கொஜா, பிரேனோ என்று மலைக்கிராமங்களைச் சுற்றி அரோசியோவுக்கே திரும்புகிற பாதை ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர். மரோனிப் பாதை என்றே அதற்குப் பெயர். முழுதாக நடக்க ஐந்து மணித்தியாலம் என்பார்கள். பொறுக்கிக்கொண்டே நடந்தால் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள், நான் பாதியில் பஸ் ஏறிவிட்டேன்.

முதல் நாள் இரவு நல்ல காற்று. அதுதான் அதிர்ஷ்டம். காற்றடித்த மறுநாள் காலையில் போனால் பாதையெல்லாம் முள்ளுருண்டை. கையால் தொடாதீர்கள், தோட்ட வேலைக் கையுறையையும் அந்த முள் தாண்டும். இரண்டு சப்பாத்துக்கும் நடுவே உருண்டையை வைத்து, ஒரு காலால் அமத்தி மற்றக் காலால் லேசாக உருட்டினால் வாயைப் பிளக்கும். உள்ளே மூன்று கொட்டை இருக்கும். பெரும்பாலும் நடுவில் இருப்பது தட்டை, ஓரத்தில் இருப்பவை ஒரு பக்கம் உருண்டவை. ஒற்றைக் கொட்டையாகக் குண்டாக இருந்தால் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். பூங்காக்களிலும் பள்ளி வளவுகளிலும் நிற்கிற குதிரை மரோனி இதன் ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் நஞ்சு. அவித்தாலும் சுட்டாலும் சாப்பிட ஏலாது. அதன் இலை விரித்த கை மாதிரி ஐந்து ஏழு பிரிவாக இருக்கும். கூட்டில் முள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, கட்டையாக இருக்கும். கொட்டை வழுவழுப்பான உருண்டை, நுனியே கிடையாது. சாப்பிடுகிற மரோனிக்கு இலை தனித்தனியாக நீண்டு அரிவாள் பல்லுப் போல ஓரம் வைத்திருக்கும், கூடு முள்ளம்பன்றிக் குட்டி, கொட்டையின் நுனியில் சின்னக் குடுமி. குடுமி இல்லாததை வாயில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சுடுவது பற்றி நாளைக்கு.

ஒக்டோபர் 5

சுட்டேன். கல்.

220 பாகையில் முப்பது நிமிடம். கத்தியால் எல்லாவற்றையும் கீறினேன் என்றுதான் நினைத்தேன், ஒன்று தப்பிவிட்டது. அம்மா அவண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நேரம் பார்த்து அது வெடித்தது. கொட்டைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, வெளியே போக வழியில்லாவிட்டால் என்ன செய்யும். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவணின் உட்சுவர் முழுக்க மஞ்சள் மா அப்பி, அது சூட்டில் காய்ந்து, இரவு பதினொரு மணி வரை சுரண்டினேன். "இதைத் தின்னத்தான் விடிய நாலு மணிக்கு எழும்பிப் போனாயா?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

வெடிக்காதவற்றிலும் பாதி உரிக்க வரவில்லை. ஓடு கழன்றது, உள்ளே இருக்கும் மெல்லிய பழுப்புத் தோல் சதையோடு ஒட்டிக்கொண்டு நகத்துக்குள் போனது. அந்தத் தோல் கசப்பு.

ஒக்டோபர் 5, இரவு

நேற்று குதிரை மரோனியை ஒன்றுவிட்ட தம்பி என்றேனே, பிழை. சொந்தமே இல்லை. சாப்பிடுகிற மரோனி ஓக் மரத்தின் குடும்பம். குதிரை மரோனி பூந்திக்கொட்டையின் குடும்பம், லிச்சியும் அதே வீட்டுப் பிள்ளைதான். பூந்திக்கொட்டை என்றதும் விளங்கியிருக்கும்: அதில் நுரைக்கிற அதே சபோனின் இதிலும் இருக்கிறது, இடித்துத் தண்ணீரில் போட்டால் நுரைக்கும், துணி தோய்க்கலாம். வயிற்றுக்குள் தோய்க்க வேண்டாம்.

ஒக்டோபர் 7

மிச்ச மரோனியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேசையில் வைத்திருந்தேன். முட்டாள்தனம் எண் இரண்டு.

வேலையால் வந்து விளக்கைப் போட்டால் சமையலறைத் தரையில் சோற்றுப் பருக்கை சிந்தியது போல ஏதோ கிடக்கிறது. குனிந்து பார்த்தால் பருக்கை நகர்கிறது. வெள்ளைப் புழு, தலை மட்டும் மண்ணிறம், காலே இல்லாமல் உடம்பை மடக்கி மடக்கிப் போகிறது. பதினேழு எண்ணினேன். பையிலிருந்த கொட்டைகளில் ஊசி முனையை விடக் கொஞ்சம் பெரிய, கணக்காக வட்டமான ஓட்டைகள். மரோனி பிஞ்சாக இருக்கும்போதே ஒரு வண்டு துளைபோட்டு முட்டை வைத்துவிடுகிறதாம். புழு உள்ளே தின்று வளர்ந்து, கொட்டை விழுந்த பிறகு வெளியே வந்து மண்ணுக்குள் போகும். மண்ணைத் தேடித்தான் என் சமையலறையில் அலைந்திருக்கின்றன, பாவம்.

ஆகவே வீட்டுக்கு வந்த உடனே செய்ய வேண்டியது தண்ணீரில் கொட்டுவது. மிதப்பவற்றை எடுத்து எறியுங்கள், உள்ளே புழு தின்று காற்று நிரம்பியிருக்கும். அடியில் தங்கியவற்றிலும் முட்டையோ சின்னப் புழுவோ இருக்கலாம். அதற்கு 50 பாகைத் தண்ணீரில் 45 நிமிடம் போட்டு, எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஆற்றி, நன்றாக உலர்த்துவார்கள். சூட்டுமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்யாதீர்கள், கூடினால் அவிந்துவிடும்.

முந்திரி, பாதாம் போல இதையும் அலுமாரியில் போட்டு வைக்கலாம் என்ற நினைப்புத்தான் என் பிழை. பச்சை மரோனியில் பாதி தண்ணீர். கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான், மிச்சம் மாச்சத்து. பெயர்தான் கொட்டை, குணத்தில் கிழங்கு. கிழங்கைப் பையில் கட்டி வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

ஒக்டோபர் 11

முதல் பதிவை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும், ஆனால் அதை நம்பி யாரும் பை தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

இன்றைக்குத் திரும்பப் போனேன். அதே இடம், ஒரு கிராமத்துக்கு மேலே, சரிவில் பெரிய பெரிய மரங்கள். குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் யாரோ செருமினார்கள். எழுபத்தைந்து எண்பது வயது இருக்கும், கையில் மரவாரி. என் இத்தாலியன் கடையில் பால் வாங்கும் அளவுதான், அவருக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரிந்திருந்தது. நான் முந்திக்கொண்டு சட்டம், 699, காடு எல்லாருக்கும் பொது என்று ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. காலடியைக் காட்டி, "இந்தப் புல்லை யார் வெட்டியது என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

பார்த்தேன். வெட்டின புல். காட்டில் எங்கே வெட்டின புல் இருக்கும்? போன கிழமை ஏழு கிலோ பொறுக்கும்போது இதே புல்லில்தான் முழங்காலை ஊன்றினேன், "எவ்வளவு வசதியாக இருக்கிறது" என்று நினைத்தது கூட ஞாபகம் இருக்கிறது.

அதற்கு செல்வா என்று பெயர். காடு இல்லை, தோட்டம். மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு நட்டு, ஒட்டுப்போட்டு வளர்த்து, கீழே புல்லுக்கு மாடோ ஆடோ விடுவார்கள். விழுகிற காலத்துக்கு முன் புல்லை வெட்டிக் கூட்டிச் சுத்தம் செய்வார்கள். அவர் ஒரு அடிமரத்தில் கையை வைக்கச் சொன்னார். இடுப்புக்கு மேலே பட்டை திடீரென்று ஒரு வளையம் போலப் புடைத்து, அதற்கு மேல் முறுக்கு வேறு மாதிரிப் போகிறது. ஒட்டுப்போட்ட இடம். போட்டது அவருடைய தாத்தாவுக்கும் முந்தின ஆள். சட்டத்தில் "தானாக விளையும்" என்று இருப்பதை நான் வாசித்தேன், எழுதியும் வைத்தேன், அந்த இரண்டு சொல்லின் மேல் கண் நிற்கவே இல்லை.

போன கிழமை எடுத்த ஏழு கிலோவைச் சொல்லிவிட்டேன். மறைக்க மனம் வரவில்லை. அவர் பதில் பேசாமல் மரவாரியை என் கையில் தந்தார். இரண்டரை மணித்தியாலம் இலையும் வெற்று முள்ளுக்கூடும் வாரிக் குவித்தேன். இப்போது முதுகை நிமிர்த்த ஏலாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். போகும்போது ஒரு பை நிறையத் தந்தார், நான் முதலில் வாங்கவில்லை, பிறகு வாங்கினேன்.

கேட்டவருக்குத் திருத்திய பதில்: புல் வெட்டியிருந்தால், வேலி இருந்தால், மரங்கள் அடுக்காக இடைவெளி விட்டு நின்றால், இலை கூட்டிக் குவித்திருந்தால் ஆள் இருக்கிறார், கேட்டு எடுங்கள். புதர் மண்டி, மெல்லிய மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம் காடு. அங்கே கொட்டை சின்னதாக இருக்கும். பெரிய கொட்டை விழுகிற இடமெல்லாம் யாரோ உழைத்த இடம் என்று வைத்துக்கொண்டால் அதிகம் பிழைக்காது.

ஒக்டோபர் 12

சுடுவது சரிவந்துவிட்டது. அவர் சொன்ன முறையும் என் அவணும் பாதிப் பாதி.

முதலாவது, பொறுக்கின அன்றே சுடாதீர்கள். குளிரான இடத்தில் மூன்று நான்கு நாள் விட்டால் மாச்சத்தில் கொஞ்சம் சீனியாக மாறும். நான் ஒரு கிழமைக்கு முந்தினதில் மிஞ்சிய சொற்பத்தையும் நேற்றையதையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன், பழையது இனிப்பு.

இரண்டாவது கீறல். தட்டைப் பக்கத்திலா உருண்ட பக்கத்திலா என்று ஊருக்கு ஊர் சண்டை இருக்கிறது. நான் உருண்ட பக்கத்தில் குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே கோடு. ஓடும் உள்தோலும் வெட்டுப்பட வேண்டும், சதைக்குள் போகக் கூடாது. கீறினதும் அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊறவிட்டேன். பிறகு 200 பாகை, இருபது நிமிடம், அடித்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீர். கீறல் வாய் பிளந்து ஓடு பின்னால் சுருண்டதும் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, மேலே ஒரு துவாய் போட்டுப் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தில்தான் விஷயம் இருக்கிறது, புழுங்கிப் புழுங்கி உள்தோல் கழன்றுவிடும். ஆறவிட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும், அதனால் விரல் சுடச்சுட உரிக்க வேண்டும். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து ஊதி உரித்து, பேசாமல் பதினைந்து சாப்பிட்டார். வெடித்ததைப் பற்றி இன்னும் மன்னிப்பு வரவில்லை.

ஓட்டைச் சட்டியும் விறகு நெருப்பும் இருந்தால் அதுதான் முதல் தரம், அவணில் அந்தக் கருகல் மணம் வராது.

ஒக்டோபர் 14

"மரோனியும் கஸ்தான்யாவும் ஒன்றா?" என்ற கேள்விக்கு: மரம் ஒன்றே, இனம் வேறு. நல்ல மரோனி பெரிது. உள்தோல் சதைக்குள் மடிந்து போகாது, உரித்தால் முழுசாக வரும். சாதாரணக் கஸ்தான்யாவில் தோல் உள்ளே மடிந்து கொட்டையையே இரண்டாகப் பிரித்திருக்கும். என் நகம் போன கிழமை பட்ட பாடு அதனால்தான். தெருவில் சுட்டு விற்பவர்கள் எல்லாவற்றையும் மரோனி என்றுதான் கூவுவார்கள், நாமும் அப்படியே பழகிவிட்டோம். டிசினோக்காரர் ஒவ்வொரு இனத்துக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள், லூயினா, டொர்சியோன் என்று.

இன்னொருவர் சிசிலியில் எட்னா எரிமலையின் கிழக்குச் சரிவில் சந்த் அல்பியோ ஊரில் நிற்கும் நூறு குதிரை மரத்தைப் பற்றி எழுதியிருந்தார். 1780இல் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 57.9 மீட்டர். இப்போது பல அடிமரங்களாகப் பிரிந்து நிற்கிறது, வேர் ஒன்றுதான். மழைக்கு ஒரு ராணி நூறு குதிரைவீரர்களோடு ஒதுங்கினாள் என்பது கதை. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், நூறு குதிரை மரத்துக்கும் குதிரை மரோனிக்கும் சம்பந்தம் இல்லை. அது சாப்பிடுகிற சாதி.

ஒக்டோபர் 18

கிழவர் வரச் சொல்லியிருந்தார், போனேன். (கிழவர் என்று எழுத மனம் வரவில்லை, இனி ஐயா.) வாரினது போதும், இன்றைக்குப் பொறுக்கச் சொன்னார். ஆறு பேர், நான் மட்டும்தான் வெளியாள். மதியத்துக்குள் எட்டுச் சாக்கு.

ஒரு மரத்தின் மேல்கொப்பு முழுக்க மொட்டையாக நின்றது. பட்டை நீளவாக்கில் வெடித்து, வெடிப்போரம் செம்மஞ்சள் புள்ளி புள்ளியாக. நோய். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை. 1904இல் நியூயோர்க் மிருகக்காட்சிச்சாலையில் முதலில் கண்டார்கள், அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவின் மரோனிக் காடுகளையே துடைத்துவிட்டது, நானூறு கோடி மரம் என்பது வழமையாகச் சொல்லும் கணக்கு. ஐரோப்பாவில் 1938இல் ஜெனோவா, டிசினோவில் 1948. இங்கேயும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தார்கள். முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பூஞ்சைக்கே ஒரு வைரஸ் பிடித்தது! நோய்க்கு நோய் வந்து நோயின் வேகம் தணிந்து, மரம் வெடிப்பைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்த்துத் தப்பிக்கொண்டது. ஐயா காட்டிய மரம் அப்படித் தப்பியதுதான். மேலே மொட்டை, கீழ்க்கொப்புகளில் இந்த வருசக் காய்.

பிறகு ஒரு குளவி. அதுவும் ஆசியா, 2002இல் இத்தாலியின் பியமொந்தேயில் கண்டார்கள், 2009இல் டிசினோ. இலைமொட்டில் முட்டை வைக்க அது சிவப்பு மொச்சை மாதிரி வீங்கிவிடும், பூ வராது, காய் வராது. "இரண்டு மூன்று வருசம் சாக்கையே வெளியே எடுக்கவில்லை" என்றார் ஐயா. அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குளவியை இத்தாலியில் 2005இலிருந்து விட்டார்கள். அது எல்லையில் கடவுச்சீட்டுக் காட்டாமல் இந்தப் பக்கமும் வந்து சேர்ந்தது.

ஒக்டோபர் 26

புழுவுக்கு இன்னொரு வழி சொல்லித் தந்தார்கள், செய்து பார்த்தேன். ஒன்பது நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிடுவது. அதற்கு நொவேனா என்று பெயர், கோவிலில் ஒன்பது நாள் செபம் இருக்கிறதே, அதே சொல். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். நாலாம் நாள் குமிழி, ஆறாம் நாள் புளித்த வாசம், "இது போய்விட்டது" என்று அம்மா வாளியைத் தூக்கிவிட்டார், காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அந்தப் புளிப்புத்தான் பூஞ்சணத்தை வரவிடாது. ஒன்பதாம் நாள் வடித்து, துணியில் பரப்பி, தினம் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் எல்லாம் வீண். இன்றைக்குத்தான் வடித்திருக்கிறேன். தரையில் பருக்கை எதுவும் நடமாடவில்லை.

இடையில் வெர்மிசெல் செய்தேன். அவித்து மசித்த மரோனியில் சீனியும் கொஞ்சம் வனிலாவும் சேர்த்துப் பிழிந்து, மேலே அடித்த கிறீம் வைப்பது. இங்கே எல்லாப் பேக்கரியிலும் இலையுதிர் காலத்தில் இருக்கும். அதற்கென்று தனி உரல் விற்கிறார்கள், எங்களுக்கு எதற்கு? இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தேன், கடையில் இருப்பதை விட மெல்லிசாக வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் முன்னால் நிற்கிறோம்.

நவம்பர் 15

கடைசிச் சாக்குகள் கிராவிலிருந்து இறங்கியதைப் பார்க்கப் போயிருந்தேன்.

கிரா என்பது கல்லால் கட்டிய சின்ன இரண்டு தட்டு வீடு. கீழ்த்தட்டில் தரையிலேயே நெருப்பு, சுவாலை எழ விட மாட்டார்கள், மரோனி விறகும் பழைய கொட்டை ஓடும் போட்டு அமத்தி அமத்தி வைப்பார்கள். மேல்தட்டின் தரை மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி, அதன் மேல் மரோனி. புகைபோக்கி கிடையாது. புகை கொட்டைகளுக்குள்ளால்தான் ஏறிக் கூரையால் போக வேண்டும். மூன்று கிழமை, இரவு பகல், யாராவது ஒருவர் போய் நெருப்பைப் பார்க்க வேண்டும், நடுவில் ஒருதரம் மேலே ஏறிக் கிளறிவிட வேண்டும். ஐயாவுக்கு ஏணி ஏற ஏலாது, மகள் ஏறுகிறார்.

காய்ந்ததைச் சாக்கில் போட்டு மரக்குற்றியில் அடித்தார்கள். ஓடும் தோலும் தூளாகிப் பிரிந்தது, சுளகால் புடைத்தார்கள். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது வரும். கல்லுப் போல இருக்கும், பல்லை வைக்காதீர்கள், வருசக் கணக்கில் கெடாது. கோதுமை விளையாத இந்தச் சரிவுகளில் பஞ்ச காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் இதுதான் பாண், இதுதான் கஞ்சி. ரொட்டி மரம் என்று ஏன் சொன்னார்கள் என்று அங்கே நின்று பார்த்தால் விளங்கும். மாவாக அரைத்தால் இனிக்கும், ஆனால் பசைத்தன்மை இல்லை. தனியே பாண் சுட்டால் எழும்பாது, நான் சுட்டுப் பார்த்தேன், அதை எதற்குப் பயன்படுத்தினோம் என்று சொல்ல மாட்டேன்.

ஏழு கிலோவுக்கு என்ன கணக்கு என்று கிளம்பும்போது கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. மார்ச்சில் கொப்பு வெட்ட ஆள் வேண்டும், வருவீர்களா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ரயிலில் முன்னால் இருந்த பெண் இரண்டு தரம் என் கோட்டைப் பார்த்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். அவ்வளவு புகை மணம். தந்து விட்ட காய்ந்த மரோனியில் ஒரு கைப்பிடி இப்போது சட்டியில் ஊறுகிறது. அவர் சொன்னபடி இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் துணுக்கு ஒட்டியிருந்தால் ஊசியால் எடுத்துவிட்டு, நாளைக்குப் பாலில் வேகவைக்க வேண்டும். உப்பு எப்போது போடுவது என்று கேட்க மறந்துவிட்டேன், யாருக்காவது தெரிந்தால் காலைக்குள் எழுதுங்கள்.